கழுத்தைப் பார்ப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'சொந்தக் குடும்பத்தையே காப்பாற்றத் தெரியாதவர்களெல்லாம் கவுன்சலிங் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள்' என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி. நான் மதுரையில் 21 வருடமாக கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். விவாகரத்தானவள். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் என் கழுத்தைத்தான் பார்ப்பார்கள், பிறகு கால்விரலை. "மேடம் வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்ட ஒரு அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள் மேசையில் வைத்த மகளின் ஃபைலை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் வீடு என்னோடு அறைக்குள் வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. என் வழக்கு நடந்த சமயம், மனைவியை அடித்துவிட்டு வந்து ஒருவர் என் எதிரே உட்கார்ந்து அழுதார். எனக்கு மனம் இரங்கவே இல்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே என் சீனியரிடம் போய்ச் சொன்னேன். அவரை வேறொருவரிடம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். சிகிச்சை தருபவரின் சொந்த உணர்ச்சிகள் இப்படி உள்ளே நுழைவதற்கு, மனப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃப்ராய்ட் 1910லேயே 'கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். அவரும் வீட்டை வெளியே நிறுத்திவிட்டவர் அல்ல, 1918ல் சொந்த மகள் அன்னாவுக்கே மனப்பகுப்பாய்வு செய்தவர்தான். தங்களுக்குத் தெரியாததில்லை.

நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறவர்களும் தங்கள் வீட்டைக் கொண்டுதான் வருகிறார்கள். 'நானும் பொறுத்துப் போனவள்தாம்மா' என்று சொல்லி, அடிபட்டு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். அது ஏன் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை?

உங்கள் கேள்வி-பதில் பகுதியிலும் 'அனுசரித்துப் போங்கள் சகோதரி'தான். மூன்று வருடத்துக்கு முன் அதைக் கண்டித்து எழுதினேன். பாராட்டியிருந்த இரண்டு வரியை மட்டும் போட்டீர்கள். உங்கள் தீபாவளி மலர்ப் பேட்டியில் என்னை 'ஒரு மகனுக்குத் தாயான' என்று எழுதினார்கள். அதே பக்கத்தில் இருந்த ஆண் டாக்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று போடவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

வாசகர்கள் எங்களைத் தாராளமாகக் கேள்வி கேட்கட்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா, சிக்கலான கேஸ் வந்தால் யாரிடம் கலந்து பேசுவீர்கள் என்று கேட்கட்டும். தாலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். கேள்வி-பதில் பக்கத்தின் அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ வாராவாரம் போடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மதுரை