தொட்டில் வராது, இந்தக் கட்டை வரும்

பெரம்பூர்,
12.10.2025

அன்புள்ள கயலுக்கு,

நைனா எழுதுகிறேன். நீ போனில் கேட்டபோது "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் பிள்ளைக்காக நீ கேட்டது இரண்டு. பரணில் கிடக்கும் உன் தொட்டிலைப் பிரித்து அனுப்ப முடியுமா என்பது ஒன்று. இல்லையென்றால், உன்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா சும்மாவே தருவதாகச் சொன்ன கிரிப்பை, அதான் சுற்றிலும் குச்சி வைத்த குழந்தைக் கட்டிலை, வாங்கிக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். போனில் இதைச் சொன்னால் உன் குரல் மாறிவிடும், நடுவில் உங்கம்மா புகுந்து பேசுவாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். மாப்பிள்ளையின் சிநேகிதர் அடுத்த வாரம் அமெரிக்காவில் உங்கள் கொலம்பஸுக்கு வருகிறார் என்றதும், எழுதியே கொடுத்தனுப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தொட்டில் விஷயம். இதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை.

அதை 1993 ஐப்பசியில் செய்தேன். நீ பிறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. வால்டாக்ஸ் ரோடு மரக்கடையில், பழைய கட்டடத்திலிருந்து இறக்கிய தேக்குச் சட்டமாகப் பார்த்துப் பொறுக்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து, ராத்திரி பத்து மணிவரை திண்ணையில் இழைப்பேன். முழுத் தொட்டிலிலும் ஒரு ஆணிகூடக் கிடையாது. சட்டத்தில் துளை எடுத்து, குச்சியின் முனையைச் செதுக்கி, கொட்டாப்புளியால் தட்டி இறக்கியதுதான். குச்சிகளைக் கடைசல் பிடிக்கக் கொடுத்து வாங்கினேன். குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே நாலு அங்குலம் விட்டேன். ஏன் நாலு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. பார்வைக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ரயில் பெட்டிக்குள் ஒரு பெர்த் பலகை இரண்டு மில்லிமீட்டர் தப்பினாலும் கழற்றித் திருப்பி மாட்டுகிற நான், பெற்ற பிள்ளைக்குச் செய்ததைக் கண்ணளவில் விட்டுவிட்டேன்.

உனக்கு எட்டு மாதம் ஆனபோது, ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். நீ தூங்குகிறாய் என்று அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். ஆயா கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ முனகல் கேட்டு எழுந்து வந்து பார்த்தால், உன் கால், இடுப்பு, மார்பு எல்லாம் குச்சிகளுக்கு வெளியே வந்து தொங்குகிறது. தலை மட்டும் உள்ளே. தாடையும் பின்மண்டையும் இரண்டு குச்சிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. ஆயா உன் உடம்பை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து குச்சியை உதைத்து உடைத்தார். நான் வேலையிலிருந்து வந்தபோது நீ ஆயா மடியில் சிரித்துக்கொண்டிருந்தாய். காதுக்குக் கீழே மட்டும் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு. அந்தக் கோட்டை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று இரவே ஒவ்வொரு சந்திலும் நடுவில் இன்னொரு குச்சி இறக்கினேன். கடைசல் பிடிக்க நேரமில்லை, சதுரமாகவே இழைத்து வைத்தேன். சின்னப் பிள்ளையில் நீ கேட்பாய்: "ஏன் நைனா, ஒண்ணு உருண்டை, ஒண்ணு சதுரம்?" டிசைன் என்று சொல்லியிருக்கிறேன். அது டிசைன் இல்லை கயல்.

கைக்குழந்தைக்கு உடம்பிலேயே பெரியது தலைதான். காலை முன்னே விட்டு நழுவும்போது இடுப்பு போய்விடும், தோள் போய்விடும், தலை போகாது. உங்கள் ஊரில் கிரிப் குச்சிகளுக்கு நடுவே 2 3/8 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் 6 சென்டிமீட்டர். அந்தச் சந்தில் இடுப்பே நுழையாது. அந்த விதி 1973-லேயே வந்துவிட்டது. நான் நாலு அங்குலம் வைத்தது அதற்கு இருபது வருஷம் கழித்து.

இப்போதுதான் சந்து சின்னதாகிவிட்டதே, அனுப்பலாமே என்பாய். பெயிண்ட் இருக்கிறதே அம்மா. சிவப்பும் மஞ்சளும் அடித்தது அந்தக் காலத்து எனாமல். அப்போது அந்த மாதிரி பெயிண்டில் ஈயம் கலப்பது சகஜம். 90 பி.பி.எம்-க்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், ஈயம் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி நடைமுறைக்கு வந்ததே 2017-ல்தான். பல் முளைக்கிற குழந்தை மேல் சட்டத்தைத்தான் முதலில் கடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கலாம் என்றால், அந்தத் தூள் பெயிண்டை விட மோசம். அதனால் அது வராது.

அடுத்தது அந்த அம்மா தருகிற கிரிப். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கச் சட்டம் இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் தடத்தில் ஏறி இறங்குகிறது. குழந்தையைக் குனிந்து எடுக்க வசதி என்று செய்தது. அந்த மாதிரி கிரிப்பை 2011 ஜூன் 28-லிருந்து அமெரிக்காவில் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. அந்தப் பக்கச் சட்டம் கழன்றதால் 2000-லிருந்து குறைந்தது 32 குழந்தைகள் இறந்துபோயிருக்கிறார்கள் என்று அந்த நாட்டு அரசே சொன்னது. எதிர்வீட்டுப் பையன்தான் போனில் தேடிப் படித்துக் காட்டினான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது எப்படிக் கழல்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். நாலு பக்கமும் இறுகப் பிடித்தால்தான் ஒரு கூடு ஆடாமல் நிற்கும். ஒரு பக்கம் நகர்கிறது என்றால் மூன்று பக்கம்தான் பாரம் தாங்குகிறது. அதோடு மரம் சும்மா இருக்காது. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு சாத்த வராது, சித்திரையில் அதே கதவில் சந்து தெரியும். உங்கள் ஊரில் குளிருக்கு ஹீட்டர் போட்டு வீட்டையே காயவைக்கிறீர்கள். மரம் சுருங்கும், திருகு பிடித்த துளை தளரும், பிளாஸ்டிக் வெடிக்கும். ஒரு மூலை மட்டும் கழன்றால் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு சந்து விழும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். உருண்டு போகிற குழந்தை அதற்குள் இறங்கிவிடும்.

அந்த அம்மா நல்ல மனசோடுதான் கொடுக்கிறார். அவர் பிள்ளைகள் அதிலேயே வளர்ந்திருப்பார்கள். நன்றி சொல்லிவிட்டு, இதையும் அவருக்கு எடுத்துச் சொல். வேறு யாருக்கும் அவர் கொடுத்துவிடக் கூடாது.

புதியதே வாங்கு. பணம் நான் அனுப்புகிறேன், மறுக்காதே. விலை அதிகமானதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். அங்கே விற்கிற எந்தக் கிரிப்பும் ஒரே சோதனையைத்தான் தாண்டி வர வேண்டும்: குலுக்கிப் பார்ப்பது, எடையைத் தொப்பென்று போட்டுப் பார்ப்பது எல்லாம். மலிவானதிலும் அது உண்டு. விலை ஏறுவது பெரும்பாலும் அழகுக்குத்தான். ரப்பர் மரம் என்று போட்டிருந்தால் தயங்காதே, குச்சிக்கு அது போதுமான உறுதி. பைன் என்றால் நகம் பட்டாலே தடம் விழும், ஆனால் ஆபத்து கிடையாது. தலைமாட்டில் பூவேலை செய்து ஓட்டை விட்டது, மூலைக் கால் குமிழ் வைத்து உயர்ந்து நிற்பது இரண்டும் வேண்டாம். சட்டை மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். மூலை துருத்துவது 1/16 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று அவர்களே அளவு வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையால் தடவிப் பார், மூலை கையில் தட்டக் கூடாது.

மெத்தை கெட்டியாக இருக்கட்டும். கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை சின்னது, மாற்று.

மாட்டுகிறபோது மாப்பிள்ளையிடம் சொல்: எல்லா போல்ட்டையும் பாதிவரை ஏற்றிய பிறகுதான், எதிர் எதிர் மூலையாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே முழுசாக இறுக்கினால் மற்ற மூன்றும் கோணும். ஒரு திருகு குறைந்தால் கடையில் வேறு வாங்கிப் போடக் கூடாது, செய்தவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு அட்டை இருக்கும், பெயர் விலாசம் எழுதி அனுப்புவதற்கு. அதைக் குப்பையில் போடாதே. அந்த மாடலில் பின்னால் ஏதாவது கோளாறு தெரிந்தால் அதை வைத்துத்தான் உங்களுக்குத் தகவல் சொல்வார்கள். மாதம் ஒருமுறை எல்லா மூட்டையும் பிடித்து ஆட்டிப் பார். பிள்ளை உட்கார ஆரம்பித்ததும் மெத்தையைக் கீழே இறக்கு. ஏற முயற்சி செய்தால் அன்றோடு கிரிப் முடிந்தது என்று வை. அப்புறம், ஜன்னல் ஓரமாகப் போடாதே. திரைக் கயிறு கைக்கு எட்டும்.

இனி சொல்வது உங்கம்மாவுக்குப் பிடிக்காது. ஒரு மாதமாகக் கடுகு தலையணை தைத்துக்கொண்டிருக்கிறாள், பிள்ளைக்குத் தலை உருண்டையாக வர வேண்டும் என்று. உன் பழைய புடவையெல்லாம் மெத்துப் போர்வையாகிவிட்டது. கிரிப்புக்குள் இவை ஒன்றும் வேண்டாம். கெட்டி மெத்தை, அதன்மேல் இறுகப் பிடித்த விரிப்பு, மேலே மல்லாக்கப் படுத்த குழந்தை. அவ்வளவுதான் உள்ளே இருக்க வேண்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-லும் இதையேதான் சொல்லியிருக்கிறது: மல்லாக்க, தட்டையான கெட்டிப் படுக்கையில், முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். சுற்றிலும் கட்டுகிற பஞ்சுத் திண்டுக்கு அங்கே 2022-ல் தடையே வந்துவிட்டது. கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து எதுவும் கட்ட வேண்டாம். அம்மா ஆசைப்பட்டால் கிரிப் இருக்கிற அறை வாசலில் கட்டட்டும். போர்வையைத் தரையில் விரித்து, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட வையுங்கள். அவள் தைத்தது வீணாகாது. இதை அவளிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லிப் பழி வாங்கிக்கொள்ளாதே.

தூளி கட்டலாமா என்றும் கேட்டாய். உன்னைத் தூளியில்தான் அதிகம் தூங்கவைத்தோம். ஆனால் அன்றைக்கு இந்த வீட்டில் ஏழு பேர் இருந்தோம், யாராவது ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்போம். அங்கே ராத்திரி நீங்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் அசந்து தூங்குவீர்கள். தூளித் துணி உடம்பை வளைக்கும், தாடை மார்பில் முட்டும், பச்சைக் குழந்தைக்கு மூச்சுத் திணறும். தாலாட்டை மட்டும் எடுத்துக்கொள். மடியில் போட்டுப் பாடித் தூங்கவைத்து, கிரிப்பில் கிடத்து.

தொட்டில் வராது என்று எழுதினேன். இந்தக் கடிதத்தோடு ஒரு கட்டை இருக்கும். உன் தொட்டிலின் முன்கால் அது. நேற்றுப் பரணிலிருந்து இறக்கி அறுத்தேன். அறுத்தபோது உள்ளே தேக்கு வாசனை இன்னும் அப்படியே இருந்தது. பெயிண்டை ஒரு பக்கமும் விடாமல் இழைத்து எடுத்துவிட்டேன், மேலே ஒன்றும் பூசவில்லை. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், நாலு பக்கமும் சரியாக 60 மில்லிமீட்டர். ஐ.சி.எஃப்.-ல் இதைத்தான் கேஜ் என்போம். நுழைந்தால் அந்தச் சாமான் தள்ளுபடி.

கடைக்குப் போகும்போது பையில் எடுத்துப் போ. ஒரு சந்தில் பார்த்துவிட்டுத் திரும்பாதே, எல்லாச் சந்திலும் வைத்துப் பார். மாப்பிள்ளை இரண்டு கையாலும் குச்சிகளை விலக்கிப் பிடிக்கட்டும், நீ கட்டையைத் தள்ளு. எதிலும் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு எனக்கும் வைத்துக் காட்டு. நான் விழித்திருப்பேன்.

உன் அன்பு நைனா