இச்சுன் விபத்தில் பழுது விமானத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சீனாவின் சிறு விமான நிறுவனங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சின்ன கம்பெனி, பழைய விமானம், விழாமல் என்ன செய்யும் என்ற தொனியில் 2010 இச்சுன் விபத்தை நான்கே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். விமான நிலைய வானிலைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பார்வைத் தூரத்தைக் குறித்துக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

விழுந்தது பிரேசிலில் தயாரான எம்ப்ரேயர் 190. அந்த ரகமே 2005இல்தான் சேவைக்கு வந்தது. அப்படியிருக்க, 2010இல் அது எப்படிப் பழைய விமானமாகும்?

2010 ஆகஸ்ட் 24 இரவு, 96 பேருடன் ஹார்பினிலிருந்து கிளம்பிய ஹெனான் ஏர்லைன்ஸ் விமானம் அது. போன இடம் ஹெய்லாங்ஜியாங் மாகாணத்தின் காட்டு நகரமான இச்சுன். மலைகளுக்கு நடுவே அமைந்த அந்த விமான நிலையம் திறந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அங்கே இரவில் இறங்குவதைத் தவிர்க்கும்படி சைனா சதர்ன் நிறுவனம் 2009லேயே தன் ஆட்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. ஹெனான் ஏர்லைன்ஸோ அங்கு முன்பின் போயிராத ஒரு கேப்டனை இரவில் அனுப்பியது.

அன்று கட்டுப்பாட்டு கோபுரம் சொன்ன பார்வைத் தூரம் 2,800 மீட்டர். நிறுவனத்தின் சொந்த விதிப்படி குறைந்தது 3,600 மீட்டர் இருந்திருக்க வேண்டும். இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் மாடியில் நின்று பார்ப்போம். இந்தத் தண்ணீர்த் தொட்டி இத்தனை மீட்டர், அந்தப் புகைபோக்கி இத்தனை மீட்டர் என்று ஒரு பட்டியல் கையில் இருக்கும். இரவானால் விளக்குகளை வைத்துக் கணக்கு. எந்த விளக்கு வரை தெரிகிறது, எது மறைந்துவிட்டது என்று பார்த்து எழுதுவோம். மூடுபனியில் ஒரு வஞ்சகம் உண்டு. நேர் மேலிருந்து பார்த்தால் அது மெல்லிய துணி போலத்தான் இருக்கும், ஓடுபாதை விளக்குகள் பளிச்சென்று தெரியும். சரிவாக இறங்கி அதற்குள் நுழைந்தால் எதிரே சுவர்தான். அதனால்தான் ஓடுபாதை கண்ணில் படாமல் இதற்குக் கீழே வராதே என்று ஓர் உயரத்தை விதியாக வைத்திருக்கிறார்கள். அன்று விமானிகள் ஓடுபாதையைக் காணாமலேயே அதற்குக் கீழே போனார்கள். ஐம்பது, நாற்பது, முப்பது என்று உயரத்தைச் சொல்லும் கருவியின் குரல் கேட்டும் மேலே ஏறவில்லை. ஓடுபாதைக்கு 690 மீட்டர் முன்பே விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. 44 பேர் இறந்தார்கள்.

பயணிகளை வெளியேற்றாமல் தான் மட்டும் தப்பிப் போன கேப்டன் மீது எனக்கு இரக்கமில்லை. 2014இல் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அதோடு கணக்கு தீரவில்லை. அரசின் விசாரணை அறிக்கை நிறுவனத்தின் பலவீனமான பாதுகாப்பு நிர்வாகத்தையும், தாய் நிறுவனமான ஷென்ஜென் ஏர்லைன்ஸின் மெத்தனத்தையும் சேர்த்தே குறை சொன்னது. விபத்துக்குப் பிறகு இன்னொரு செய்தியும் கசிந்தது. 2008, 2009 ஆண்டுகளில் அனுபவச் சான்றுகளில் பொய் எழுதியதாகச் சீன விமானத் துறை கண்டுபிடித்த விமானிகள் சுமார் 200 பேர். அவர்களில் பாதிக்கு மேல் ஷென்ஜென் ஏர்லைன்ஸ்காரர்கள்! கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஹெனான் மாகாண அதிகாரிகள் அவசரமாகச் செய்த காரியம் வேறு. மாகாணத்தின் பெயர் கெடுகிறது என்று சொல்லி, சில நாட்களிலேயே அந்த நிறுவனத்தின் பெயர்ப் பதிவை ரத்து செய்தார்கள். 2007இல் அது பறக்கத் தொடங்கியபோது வைத்த பெயர் குன்பெங். சீனப் பழங்கதையில் பறவையாக மாறும் மாபெரும் மீன் அது. பழைய பெயரையே மறுபடி எடுத்துக்கொள் என்றார்கள். பெயர்ப்பலகையில் வெள்ளையடித்தால் போதும் என்ற நினைப்பு எல்லா ஊர் அலுவலகங்களிலும் உண்டு போலிருக்கிறது.

சிறு நிறுவனம் என்றாலே ஆபத்து என்ற கட்டுரையாளரின் முடிவையும் என்னால் ஏற்க முடியாது. 2018 மே மாதம் செங்டுவைச் சேர்ந்த சிச்சுவான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாசாவுக்குப் போகும் வழியில் விமானி அறையின் முன்கண்ணாடி பெயர்ந்து போனது. துணை விமானியின் உடல் பாதி வெளியே இழுபட்டது. உறையும் குளிரில் கேப்டன் விமானத்தைச் செங்டுவில் இறக்கினார், 128 பேரும் பிழைத்தார்கள். அது மாகாண நிறுவனம்தான். 2022 மார்ச்சில் 132 பேருடன் குவாங்சி மலைகளில் விழுந்ததோ சைனா ஈஸ்டர்ன் என்ற பெரு நிறுவனத்தின் விமானம். இச்சுன் அறிக்கை இரண்டாண்டுக்குள் வந்தது. இதற்கு மூன்றாண்டு கடந்தும் முழு அறிக்கை வரவில்லை. கட்டுரையாளர் அதைக் கேட்டிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் பெட்டிச் செய்தியில் ‘ஹைனான் ஏர்லைன்ஸ்’ விமானம் விழுந்ததாக அச்சாகியிருக்கிறது. ஹைனான் வேறு, ஹெனான் வேறு. ஹைனான் தெற்கே உள்ள தீவு. அந்தப் பெயரிலுள்ள பெரிய நிறுவனம் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வானிலை நோக்கர்