மந்தை நாய்களுக்கு வேறோர் அளவுகோல் வேண்டும்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தினருக்கும் (வீவக), தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநலப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் வீவக கட்டிய அடுக்குமாடி வீடுகளில் கோர்கி, பார்டர் காலி போன்ற மந்தை மேய்க்கும் இனங்களையும் அனுமதிக்க வேண்டும் என்று நாய் வளர்ப்போர் சிலர் கேட்டுவருகிறார்கள். தாய், மகள், மகன் என மூன்று பார்டர் காலிகளுடன், அடுக்குமாடி அல்லாத தரைவீட்டில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதால், நானும் அந்தக் கோரிக்கையின் பக்கம் நிற்பேன் என்று நண்பர்கள் நினைத்தார்கள். என் வேண்டுகோள் வேறு. இனப் பட்டியலை நீட்டுவதற்கு முன்னால், எதை வைத்து அந்தப் பட்டியலைப் போடுகிறோம் என்பதை மறுபரிசீலனை செய்யுங்கள்.

இன்றைய விதிப்படி வீவக வீட்டில் 62 சிறிய இனங்களுள் ஒரு நாயை வளர்க்கலாம். ஷெட்லாந்து ஷீப்டாக் அந்தப் பட்டியலில் உண்டு; அதைவிடக் குட்டையான கோர்கி இல்லை. ஸ்காட்லாந்துத் தீவுகளில் குரைத்துக் குரைத்தே ஆடுகளைப் பயிரிலிருந்து விரட்டிய இனம் ஷெட்லாந்து. குரைப்பு அதன் தொழில். பார்டர் காலியோ, 1893இல் வட இங்கிலாந்தில் பிறந்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற நாயின் வழிவந்தது. குனிந்து, உற்றுப் பார்த்து, ஓசையின்றி ஆட்டை நகர்த்துவதே அதன் முறை. தாழ்வாரத்தை ஒட்டிய வீடுகளில் அண்டைவீட்டார் பெரும்பாலும் முறையிடுவது சத்தத்தைப் பற்றித்தான் எனில், உருவ அளவை மட்டும் பார்க்கும் விதி அந்தக் குறையைத் தொடவே இல்லை.

அதற்காக, ஓசையற்ற நாய் எளிய நாய் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் கோதை, பொன்னி, வேலன் மூவரும் தீபாவளிக்கு வரும் உறவினர்களைக் கூடத்தின் ஒரு மூலையில் சேர்த்துவைக்கப் பார்ப்பார்கள். பிள்ளைகளில் ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போனால் பொன்னி சுற்றி வந்து வழிமறிப்பாள். வாசலில் மிதிவண்டி போனால் வேலனுடைய உடல் முழுவதும் இறுகிவிடும். இது குறும்பும் அல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. நூறாண்டுகளுக்கு மேலாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட குணம். நீண்ட நடை இவர்களைக் களைப்பாக்குவதில்லை, இன்னும் வலிமையாக்குகிறது. பெயர் சொன்னதும் பொம்மையைத் தேடி எடுத்துவருவது, மோப்பம் பிடித்து ஒளித்த பொருளைக் கண்டுபிடிப்பது, சொல்லும்வரை அசையாமல் காத்திருப்பது என மூளைக்கு வேலை கொடுத்தால்தான் மாலையில் படுப்பார்கள். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் காலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பெயரால் அறிந்திருந்தது என்பது ஆய்வில் பதிவானது. அத்தகைய மூளை நாள் முழுவதும் பூட்டிய வீட்டில் சும்மா கிடந்தால், கதவையும் தன் காலையுமே கடிக்கத் தொடங்கும்.

நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழக்கமில்லாத நாய். என் பாட்டனாரின் இராமநாதபுரத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் கீதாரிகளின் கிடையில், அதாவது இரவில் ஆடுகளை அடைக்கும் இடத்தில், நாய் இரவுக் காவலுக்கு. ஆட்டை மடக்கி ஓட்டுவது மனிதர் வேலை. நாய் என்றால் வாசலில் படுத்திருக்கும் காவல் என்ற அந்த நினைப்புடன் பார்டர் காலியை வாங்குபவர்கள் சில மாதங்களில் திகைத்துப்போகிறார்கள்.

நம் வெயிலையும் சொல்ல வேண்டும். இரட்டை அடுக்கு ரோமம் உள்ள இவற்றை விடியலிலும் இருட்டிய பின்னும்தான் வெளியே அழைத்துச் செல்ல முடிகிறது; மொட்டையடித்தால் குளிர்ச்சி என்று எண்ணுவது தவறு. காலி வகை நாய்கள் சிலவற்றின் மரபணு மாற்றத்தால் ஐவர்மெக்டின் போன்ற ஒட்டுண்ணி ஒழிப்பு மருந்துகள் கூடுதல் அளவில் நஞ்சாகலாம் என்பதையும் வாங்குமுன்பே அறிந்திருக்க வேண்டும்.

வளர்ப்போருக்கு நிபந்தனை விதிக்கச் சொல்வது புதிதும் அல்ல. நடுத்தர அளவுள்ள உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு வீவக வீடுகளைத் திறந்துவிட்ட அடோர் திட்டம் 2012இல் தொடங்கியபோது, தத்தெடுப்போர் பொறுப்பான வளர்ப்புக்கான நடத்தை விதிகளை ஏற்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் வீவக வீடுகளில் பூனைகளுக்கு அனுமதி வந்தபோது, முதன்முறை உரிமம் பெறுவோர் இணையவழிப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும் என்று நீங்களே விதித்தீர்கள். பூனைக்கே பாடம் வேண்டும் எனில், மந்தை நாயின் குணத்துக்கென ஒரு பாடம் வேண்டாமா?

எனவே, ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட ஷெட்லாந்து உட்பட, மேய்க்கும் இனம் எதற்கும் உரிமம் கேட்போர் அந்த இனத்தின் குணம் பற்றிய பாடத்தை முடித்து, வேலை நேரத்தில் நாயை யார் கவனிப்பார் என்பதையும் தெரிவிக்கச் செய்யுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லும் குடும்பம் நான்கறை வீட்டில் இருந்தாலும் கோர்கியை வளர்க்கட்டும். பதில் இல்லாதவர்களுக்கு, என்னைப் போன்ற தரைவீட்டுக்காரர்களே ஆனாலும், உரிமம் தர வேண்டாம். பாடம் தமிழிலும் இருந்தால், வீட்டில் பகல் முழுவதும் நாயுடன் இருக்கப்போகும் தாத்தா பாட்டிகளும் படிக்க முடியும்.

இப்படிக்கு,
மூன்று பார்டர் காலிகளுடன் வாழும் சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்