காயம்பட்ட மாணவர்களை மைதானத்திலிருந்து அனுப்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் நடைபெறும் மாதங்களில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் வெற்றிச் செய்திகளைத் தங்கள் நாளிதழ் படங்களோடு வெளியிட்டு வருவது மகிழ்ச்சிக்குரியது. கோப்பையைச் சுற்றி நிற்கும் அந்தப் படங்களில் இருந்திருக்க வேண்டிய ஒருவரோ இருவரோ, முழங்காலிலோ கணுக்காலிலோ கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பது எங்கள் பகுதி அணிகளில் வழக்கமாகிவிட்டது. உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அந்த மாணவ, மாணவியரைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் ஊர்ப்பக்கத்தில் கபடி கட்டாந்தரையிலும் ஆடப்படுகிறது, செயற்கை விரிப்பிலும் ஆடப்படுகிறது. எதிரணிப் பக்கம் பாடிப் போனவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும் நொடியில் பின்னாலிருந்து ஒருவர் கணுக்காலைப் பிடித்துவிட, பாதம் தரையில் ஊன்றியபடியே நிற்க, உடல் மட்டும் சுழலும்போது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் ஜவ்வு கிழிகிறது. அருகில் நிற்பவர்களுக்குக்கூடச் சில நேரம் அந்தச் சத்தம் கேட்கும். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரிவதால் ஒன்றுமில்லை என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவிவிடுபவர்களும், அடுத்த பேருந்திலேயே ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துச் செல்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். புத்தூர் கட்டின் மீது வடாற்காட்டு மக்களுக்கு உள்ள நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வருவது. அதைப் பற்றி வாதிட நான் வரவில்லை. ஆனால் ஜவ்வு எலும்பன்று, அதன் கிழிசல் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எலும்பு மூட்டு மருத்துவரின் கைச்சோதனையுமே அதைக் காட்டும் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய கட்டத்தைப் பற்றியது. மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்கிறார். அவர் சொல்வது அடிபட்ட மூட்டுக்கான ஓய்வு. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது ஆளுக்கே ஓய்வு என்றாகிவிடுகிறது. பையன் கட்டிலில் கிடத்தப்படுகிறான். தண்ணீர்ச் சொம்பு முதல் சாப்பாட்டுத் தட்டு வரை எல்லாம் கைக்கு வருகின்றன. பார்க்க வரும் உறவினர்கள் ஆற்காடு மக்கன்பேடா வாங்கி வருகிறார்கள். கையில் கைப்பேசி, அதில் தன் அணியினர் தான் இல்லாமல் ஆடும் ஆட்டத்தின் காணொளிகள். விடிய விடிய அதையே பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் பிள்ளைகளைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். மூன்றாம் வாரத்தில் இரண்டு தொடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடிபட்ட காலின் தொடை கண்ணுக்குத் தெரியும்படி இளைத்திருக்கும். பயன்படுத்தாத தசை அத்தனை விரைவாகக் கரைந்துவிடும். இளைத்த தசையை மீட்பதற்குக் கரைந்த காலத்தைப்போலப் பல மடங்கு காலம் ஆகும்.

முழு ஓய்வு என்ற இந்த எண்ணம் ஒரு காலத்தில் மருத்துவ நூல்களிலும் இருந்ததுதான். ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரமாக 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் எழுதினார். உலகம் முழுவதும் உடற்கல்வி ஆசிரியர்கள் அதை மனப்பாடமாகச் சொல்லிவந்தோம். அதே மிர்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தாமே எழுதித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். முதல் ஓரிரு நாட்களுக்கு மூட்டைக் காப்பாற்றிவிட்டு, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு அசைவையும் சுமையையும் படிப்படியாகக் கூட்டுவதே இன்றைய வழக்கம். எங்கள் பக்கத்து மைதானங்களுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. தரையில் பாய் விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைத் தரையோடு சேர்த்து அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் முழங்கால் சில்லு தொடைப்பக்கமாகச் சற்றே மேலே ஏறுவதைப் பார்க்கலாம். தொடையின் முன்பக்கம் கல்போல இறுகும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும் இந்தப் பயிற்சியைத்தான் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இயன்முறை மருத்துவர்கள் முதலில் கற்றுத்தருகிறார்கள். ஊரையே சுற்றிவந்த பிள்ளைக்கு இது அலுப்பூட்டும் என்பதால், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து எண்ணிக்கை சொன்னால் போதும், ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். பாட்டி எண்ணினாலும் தசை இறுகத்தான் செய்யும்.

அடிபடாத காலை மறந்துவிடுவது இன்னொரு தவறு. நல்ல காலுக்கு வலுப்பயிற்சி கொடுத்துவந்தால், அசையாமல் இருக்கும் மறுகாலின் வலுவும் ஓரளவு காக்கப்படுகிறது என்பது உடலியக்க அறிவியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. பயிற்சி தசைக்கு மட்டுமன்றி அதை இயக்கும் நரம்பு மண்டலத்துக்கும் சேர்ந்தே கிடைப்பதுதான் காரணம். கைகளும் தோள்களும் வயிற்றுத் தசைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே டம்பெல் தூக்கலாம், அது இல்லாவிட்டால் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் போதும். மருத்துவர் அனுமதித்த பிறகு நிலையான சைக்கிளை மிதிக்கலாம். காயம் ஆறிய பின் மார்பளவு நீரில் நடப்பது மூட்டின் மேல் ஏறும் உடல் எடையைக் குறைத்துக்கொடுக்கும் நல்ல பயிற்சிதான். ஆனால் அதைக் கேள்விப்பட்டு விவசாயக் கிணற்றுப் படிகளில் பலமிழந்த காலோடு இறங்குவதை யாரும் அனுமதிக்கக் கூடாது. வேலூர் வெயிலைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் இவற்றையெல்லாம் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். ஆட்டம் இல்லையே, எடை போட்டுவிடும் என்று சோற்றையே குறைத்துவிடுகிற வீடுகளும் உண்டு, பாவம் அடிபட்ட பிள்ளை என்று வாரத்துக்கு மூன்று நாள் பிரியாணி வாங்கித் தருகிற வீடுகளும் உண்டு. காயம் ஆறவும் தசை கரையாமல் இருக்கவும் புரதம் தேவை. முட்டை, சுண்டல், பயறு, பால், மீன் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தால் போதும். இனிப்பையும் பொரித்ததையும் குறைப்பதில் தவறில்லை.

உடலைவிட மனம்தான் பெரிய சிக்கல். அணியில் இருந்தவனுக்கு மாலை ஐந்து மணி என்றால் மைதானம். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருப்பவனுக்கு என்ன செய்வதென்றே தெரிவதில்லை. என் பணிக்காலத்தில் நடக்க முடிந்த நாளிலிருந்தே அவர்களை மாலையில் மைதானத்துக்கு வரச் சொல்லிவிடுவேன். ஆனால் சும்மா வேடிக்கை பார்க்க விடமாட்டேன். கபடியில் நடுவர்கள் தவிர மதிப்பெண் பதிவாளரும் உதவிப் பதிவாளர்களும் உண்டு. ஆட்டத்தை விட்டு வெளியேறியவர்கள், வெளியேறிய அதே வரிசையில்தான் மீண்டும் உள்ளே வர வேண்டும் என்பதால் அதைக் கண்காணித்து எழுதுவது உதவிப் பதிவாளரின் வேலை. அது உட்கார்ந்தபடி செய்யும் வேலை, கண்ணை எடுக்க முடியாத வேலை. முழங்கால் கட்டோடு அந்த மேசையில் உட்கார்ந்த மாணவி ஒருத்தி, எதிரணியில் பாட வருகிறவள் ஒரு பாட்டுக்கு உரிய முப்பது நொடியில் கடைசிப் பத்து நொடிக்கு எப்போதும் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவர் பக்கமே சாய்கிறாள் என்பதைத் தாளின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். களத்துக்குள் நின்ற ஏழு பேருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இடைவேளையில் அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எங்கள் கார்னர் ஆட்டக்காரியை இடம் மாற்றினோம். காயம் ஆறித் திரும்பிவந்தபோது அவள் முன்பைவிடக் கூர்மையான ஆட்டக்காரியாக இருந்தாள். கைப்பந்திலும் தடகளத்திலும் இதற்கு இணையான வேலைகள் உண்டு. கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதுவதைச் சொல்லவே வேண்டாம்.

மாணவியரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். திசைமாற்றி ஓடுவதும் குதிப்பதும் நிறைந்த ஆட்டங்களில் முழங்கால் ஜவ்வு கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். காயம் ஏற்பட்டால் பையனை எப்போது ஆட அனுப்பலாம் என்று கேட்கும் வீடு, பெண் என்றால் ஆடியது போதும் என்று முடித்துவிடுகிறது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்குக் காலில் குறை என்று பேசுவார்களே என்ற அச்சம் அதன் பின்னால் இருக்கிறது. அத்தகைய வீடுகளில், மைதானத்தோடு ஏதோ ஒரு வேலை வழியாக அவளுக்குத் தொடர்பு இருந்துவிட்டால் அவள் திரும்பி வருகிறாள், தொடர்பு அறுந்தால் வருவதில்லை. இது என் அனுபவம்.

இதற்கு நேர்மாறான தவறையும் காண்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில், சான்றிதழுக்காக நான்காம் மாதமே முழங்கால் உறையை (நீ-கேப்) மாட்டிக் களமிறக்குகிறார்கள். ஜவ்வைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி சீக்கிரம் நின்றுவிடும். புதிதாக வைத்த ஜவ்வு உறுதிப்படுவதற்கு அதன் பிறகும் பல மாதங்கள் தேவை. ஒன்பது மாதமாவது காத்திருந்து, ஒற்றைக் காலில் தாண்டும் சோதனையில் இரண்டு கால்களும் ஏறக்குறைய சமமாக வந்த பிறகே திசைமாற்றி ஓடும் ஆட்டங்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்கள் பலரும் இன்று சொல்லும் அளவு. பக்கத்துத் தெருப் பையன் ஆறே மாதத்தில் ஆடினான் என்பது மருத்துவ ஆலோசனை ஆகாது.

வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவதற்கு எடுத்துக்காட்டாக எங்கள் வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பலர் சொல்கிறார்கள். 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குத் தொடைக் காயத்தோடுதான் சென்றதாக அவரே கூறினார் என்பது உண்மை. ஆனால் அந்தப் போட்டியில் நான் கவனித்தது வேறு. 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர், 2018இல் 317 கிலோவோடு தங்கத்தை உறுதிசெய்துகொண்டதும் மீதமிருந்த கடைசி முயற்சியை எடுக்கவே இல்லை. கைதட்டலுக்காக இன்னொரு முறை தூக்கியிருக்கலாம். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்ததையே நம் பிள்ளைகளுக்கு அந்தப் போட்டியிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

பாதிக்கப்பட்ட உடலை மீண்டும் இயங்க வைக்கும் மறுவாழ்வு மருத்துவம் நாம் வெளியூருக்குப் போய்க் கற்க வேண்டிய சங்கதியும் அன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் ஆன பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுவந்து அத்துறையைத் தலைமை ஏற்று நடத்தினார். 1966இல் வேலூரில் அமைந்த மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கால்கள் இயங்காதபோதும் தம் கைகளுக்கு வேலை உண்டு என்று கண்டவர் வாழ்ந்த ஊரில், முழங்கால் கட்டுப் போட்ட பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுக்கத் தெரியாமல் நாம் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே மூன்று மாவட்டங்களின் விளையாட்டு அலுவலர்களுக்கும் பள்ளிக் கல்வி அதிகாரிகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மண்டல, மாவட்ட அளவிலான கபடி, கைப்பந்து, தடகளப் போட்டிகளுக்கு அலுவலர் பட்டியல் தயாரிக்கும்போது, உதவிப் பதிவாளர் இடங்களில் சிலவற்றைக் காயத்திலிருந்து மீண்டுவரும் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்குங்கள். மற்றவர்களுக்கு உரிய படியையும் பணிச் சான்றையும் அவர்களுக்கும் கொடுங்கள். மேசைக்குக் கீழே காலை நீட்டி வைக்க ஒரு முக்காலியும் போட்டுவிட்டால் நல்லது. பதிவேடு எழுதும் முறையை அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். காட்பாடியிலும் வேலூரிலும் உள்ள ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் சிலரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அழைத்தால் எந்த ஊர் மைதானத்துக்கும் வந்து அந்த வகுப்பைக் கட்டணமின்றி நடத்தித்தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.