இக்ரா வீடுகளையும் உறுதியான வீடுகளாக ஏற்றுக்கொள்ளுங்கள்: ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய நிலநடுக்கம் கல் கட்டடங்களைத் தரைமட்டமாக்கிய பிறகு, வடகிழக்கில் வீடு கட்டும் முறையே மாறியது. மரச்சட்டங்களுக்கு இடையே இக்ரா என்னும் நாணலையோ மூங்கில் தப்பையையோ அடைத்து, இருபுறமும் சாந்து பூசி, தகரக் கூரை வேய்ந்த ‘அஸ்ஸாம் பாணி’ வீடுகள் அங்கே பரவின. நிலம் அதிரும்போது கட்டடத்தைத் தாக்கும் விசை அதன் எடையைப் பொறுத்தது. இவ்வீடுகளின் சுவரும் கூரையும் எடை குறைந்தவை, மூட்டுகள் நெகிழ்ந்து கொடுப்பவை. 2011 செப்டம்பரில் சிக்கிமில் 6.9 அளவிலான நிலநடுக்கம் பல கான்கிரீட் கட்டடங்களைச் சிதைத்தபோதும், இக்ரா வீடுகள் பெரும்பாலும் சிறு சேதத்தோடு தப்பின.

உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. அதில் பாதிக்கும் மேல், சூளையில் சுண்ணாம்புக்கல் சிதைவதாலேயே வெளியாவதால், எரிபொருளை மாற்றுவதால் மட்டும் அது நிற்காது. மூங்கிலோ சில ஆண்டுகளில் முற்றி, ஊரருகிலேயே கிடைக்கிறது.

ஆயினும் வடகிழக்குக் கிராமங்களில் இக்ரா வீடு இன்று ‘கச்சா’ (உறுதியற்ற) வீடாகத் தாழ்வாகப் பார்க்கப்படுகிறது. அதன் இடத்தில் ஒல்லியான தூண்களும், சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் கிடைமட்டக் கட்டுப்பட்டை இல்லாத செங்கற்சுவர்களும் எழுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. தங்கள் வீட்டுவசதித் திட்டத்தின் வழிகாட்டி நெறியே, முறையான பராமரிப்புடன் 30 ஆண்டுகளேனும் தாங்கும் வீட்டைத்தான் உறுதியான வீடு என்கிறது.

கறையானும் ஈரமும் இக்ரா வீட்டின் உண்மையான பகைவர்கள் என்பதை மறுக்கவில்லை. போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்திய மூங்கிலும், மரக்கால்களைத் தரை ஈரத்திலிருந்து விலக்கி நிறுத்தும் உயர்ந்த கல் அடித்தளமும், சுவரை மழையிலிருந்து காக்கும் அகன்ற இறவாணமும் இருந்தால் அவற்றைத் தடுக்கலாம். மூங்கில் கட்டமைப்புக்கான இந்தியத் தர நெறி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது.

எனவே, வடகிழக்கு மாநிலங்களில் பதப்படுத்திய மூங்கில், இக்ரா வீடுகளுக்கு, கட்டுமானம் ஒவ்வொரு கட்டத்தை எட்டும்போதும் திட்டம் வழங்கும் உதவித்தொகைத் தவணை தடையின்றிக் கிடைக்குமாறு அடித்தளம், சட்டகம், சுவர்ப்பூச்சு என்று அவற்றுக்கே உரிய கட்டங்களை வகுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கிராமக் கொத்தனார்களுக்குத் தாங்கள் அளிக்கும் பயிற்சியில் மரத்தச்சர்களையும் மூங்கில் வேலை செய்வோரையும் சேர்த்து, இந்தக் கட்டுமானம் தெரிந்த மூத்த கைவினைஞர்களையே அங்கு ஆசிரியர்களாக அமர்த்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்