கைஷானின் முகமும் கெலாவ் மக்களின் பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் பயணப் பக்கத்தில், சீனாவின் தாவ்சென் பகுதியில் உள்ள 'நுவோ நகரம்' என்ற சுற்றுலாத் தலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. ஆனால் கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட முகமூடியின் கீழே 'சீனப் பேய்' என்று அச்சிட்டிருந்தீர்கள். நுவோ என்பது முகமூடி அணிந்து நடத்தும் சடங்குக் கூத்து. அதைத் தலைமுறைகளாகக் காத்துவரும் கெலாவ் என்ற சிறுபான்மை இன மக்களின் பெயரோ கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. தாவ்சென் இருக்கும் குய்சோ மாகாணத்தில் மருத்துவம் படித்தவள் நான். தாவ்செனைச் சேர்ந்த தோழியின் வீட்டில் இந்தச் சடங்கை இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் பேய் என்று எழுதிய முகம் கைஷானுடையது. கோடரி ஏந்தித் தீயவற்றை வெட்டி விரட்டும் காவல் வீரன் அவன். அவனுக்கென்று ஒரு கதையே உண்டு. கோடரி தொலைந்துபோகும், குறி சொல்பவனைத் தேடிப் போவான், கடைசியில் கொல்லன் அவனுக்குப் புதுக்கோடரி அடித்துத் தருவான். அவன் வாசல் பக்கம் பாய்ந்து கோடரியை வீசியபோது தோழியின் பாட்டி கைகூப்பினார். பேயைக் கண்டவர்கள் அப்படிக் கும்பிடுவதில்லை.

அந்த வீட்டில் நடந்தது நேர்த்திக்கடன். தோழியின் அண்ணன் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அடிக்கடி நோயில் விழுந்தான். தத்து, அதாவது உயிருக்கு வந்த கண்டம், கழிந்து பையன் பிழைத்தால் நுவோ வைப்பதாகப் பாட்டி வேண்டிக்கொண்டிருந்தார். நடுக்கூடத்தில் பீடம் அமைத்து, நுவோ தெய்வத் தம்பதியான தாத்தாவையும் பாட்டியையும் மரச்சிலைகளாக எழுந்தருளச் செய்தார்கள். பின்னால் தாவோ சமயத் தெய்வங்களின் படச்சீலைகள். எருமைக் கொம்பை ஊதி, இரும்பு வளையங்கள் கோத்த கத்தியைக் குலுக்கி, பூசாரி தெய்வங்களை அழைத்தார். முகமூடி மாந்தர்கள் பீச் மலர்க் குகைக்குள் இருப்பதாக ஐதீகம். குகையைத் திறக்கும் சடங்கு முடிந்த பிறகுதான் அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். கோணல் வாயன் சின்துங் வந்தபோது கூடமே சிரித்தது. தேர்வு எழுதத் தலைநகர் போகும் எசமானுக்கு மூட்டை தூக்கும் வேலைக்காரன் அவன். குழந்தைகள் அவன் பின்னாலேயே ஓடினார்கள்.

சடங்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பூசாரி குறி பார்க்கும் இரண்டு கட்டைத் துண்டுகளைத் தரையில் வீசித் தெய்வத்தின் சம்மதம் கேட்டார். சரியாக விழாவிட்டால் மறுபடி வேண்டுதல், மறுபடி வீச்சு. இதற்கு நேரக் கணக்கு கிடையாது. விடியும் தறுவாயில் நீதிபதி முகமூடி அணிந்தவர் தூரிகையோடு வந்து, வேண்டுதல் ஏட்டில் பாட்டியின் கடனை அடித்து நீக்கினார். நுவோவின் உயிர்நாடி அந்த ஒரு கோடுதான் என்று நான் நம்புகிறேன். நுவோ நகரத்தின் அரை மணி நேர மேடைக் காட்சியில் யாருடைய கடனை அடித்துக் காட்டுவார்கள்? கத்திப் படிகளில் ஏறுவதைக் கட்டுரையாளர் சர்க்கஸ் என்கிறார். பூசாரி அந்தப் படிகளில் ஏறியது சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு, அவனுடைய தத்துகளைக் கடத்திவைக்க. கீழே நின்ற தாயின் முகத்தைப் பார்த்தவர் யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

துஜியா, மியாவ், ஹான் மக்களிடமும் நுவோ இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நீங்கள் படம் வெளியிட்ட தாவ்சென், 1987 முதல் கெலாவ், மியாவ் மக்களின் பெயரிலேயே அமைந்த தன்னாட்சி மாவட்டம். 2020 கணக்கெடுப்பின்படி கெலாவ் மக்கள் சுமார் 6.77 லட்சம் பேர். அவர்களில் தாய்மொழி பேசுவோர் மிகவும் குறைந்துவிட்டார்கள். நுவோவைக்கூடச் சீன மொழியில்தான் பாடுகிறார்கள். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் இத்தகைய சடங்குகள் மூடநம்பிக்கை என்று தடுக்கப்பட்டு, முகமூடிகள் எரிக்கப்பட்டன. அதையும் தாண்டி, குருவிடமிருந்து சீடன் கையால் படியெடுத்த ஏடுகளோடு இந்தக் கூத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களை 'உள்ளூர்ப் பழங்குடியினர்' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். ஊரார் நுவோ நிகழ்த்தியபோது கன்பூசியஸ் அரசவை உடை அணிந்து கிழக்குப் படியில் நின்றார் என்று அவருடைய உரைத் தொகுப்பு சொல்கிறது. அந்த மரியாதையில் கொஞ்சமாவது நாமும் காட்டலாமே.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நுவோ நகரத்தால் வருமானம் கிடைத்து இளைஞர்கள் ஊரில் தங்கினால் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் மேடையில் பார்ப்பது ஒரு பகுதிதான், முழுச் சடங்கு இன்னும் வீடுகளில் நடக்கிறது என்று பயணம் போகும் வாசகருக்குச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டு, படத்தில் இருப்பவன் கைஷான் என்றும், அது கெலாவ் மக்களின் நுவோ என்றும் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மருத்துவர், திண்டுக்கல்.