பால் கட்டிய மூன்றாம் நாள் ராத்திரி கைகொடுத்தவர்களுக்கு

சிங்கப்பூரில் எங்கள் யீஷூன் புளோக்கில் இருப்பவர்களுக்கும், தாதி அக்காவுக்கும், அம்மாவுக்கும் வணக்கம்.

மகள் பிறந்து இன்றோடு 40 நாள். பாப்பா தூங்குகிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ராத்திரி எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு இரண்டும் கல்லாக இறுகி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. கையைத் தூக்கினால் அக்குள் வரை வலி. பாப்பா வாயைத் திறந்து திறந்து பார்க்கிறாள், காம்பு பிடிபடாமல் வழுக்குகிறது. அவளும் அழுதாள், நானும் அழுதேன். பம்ப் வைத்து முழுக்க எடுத்துவிடு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு எடுத்தேன். விடிவதற்குள் முன்பைவிட அதிகமாகக் கட்டியது. எடுக்க எடுக்க உடம்பு இன்னும் சுரக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தாதி அக்கா, காலையில் வந்ததும் என் விரல் நுனிகளையே காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சுப் பக்கமாக மெல்ல அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொன்னீர்கள். காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டம் மட்டும் காது மடல் மாதிரி மெத்தென்று ஆனது. இரண்டு சொட்டுப் பால் எட்டிப் பார்த்தது. பாப்பா லபக்கென்று கவ்விக்கொண்டாள். அவள் விழுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உள்ளே இருப்பது பால் மட்டுமில்லை, ரத்தமும் நீரும் சேர்ந்த வீக்கம், அதனால் போட்டுப் பிசையக்கூடாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்கணும், கொடுக்கும் முன் சில நிமிடம் மட்டும் வெதுவெதுப்பு, கொடுத்த பிறகு குளிர் ஒத்தடம். காய்ச்சலோடு ஓரிடம் சிவந்து வலித்தால் உடனே டாக்டரிடம் போகணும் என்பதை என் கணவரையும் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைத்தீர்கள்.

எதிர்வீட்டு மலாய் அத்தைக்கு, எங்கள் மக்சிக்குக்கு, இதை மலாயில் வாசித்துக் காட்டுவேன். முட்டைக்கோஸை இலை இலையாகப் பிரித்து, நடு நரம்பைக் குழவியால் நசுக்கி, ஐஸ்பெட்டியில் வைத்துத் தட்டோடு கொண்டுவந்தார். அந்த இலைகளின் குளிர்ச்சி மார்பில் பட்டதும்தான் அன்றைக்கு முதல்முறையாகக் கண்ணை மூடினேன்.

அம்மா, நீ போனில் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னாய். இவரும் பூ வாங்கத் தேக்கா சந்தைக்குக் கிளம்பிவிட்டார். அது பால் வற்றுவதற்குக் கட்டுவது என்று தாதி அக்கா தடுத்தார். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அதை ஆராய்ந்து 1988லேயே எழுதியிருக்கிறார்கள். "ஆமாடி, பாட்டி பால் மறக்கவைக்கத்தான் கட்டினாள்" என்று உனக்கே ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி இங்கே மூன்று மணி, அங்கே இந்தியாவில் பன்னிரண்டரை. போனை வைக்காமல் கூடவே இருந்தாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்தது.

பத்தாவது மாடியில் அடுத்த மாதம் பிரசவத்துக்குக் காத்திருக்கும் தங்கச்சி, எந்நேரமானாலும் வந்து கதவைத் தட்டு. ஐஸ்பெட்டியில் கோஸ் எடுத்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா